ஒரு சொம்புத் தண்ணீரும் எழுநூற்று எண்பது ஜோடியும்

கணக்கு முடிய இன்னும் ஒன்பது நாள் ஆகும் என்றது லேப்டாப். சொன்ன விதத்தில் கொஞ்சம்கூட வெட்கமில்லை. ஜெனிஃபருக்கு இருந்ததோ இரண்டே நாள். அதிலும் சின்னேரிமேடு காலனியில் கரண்ட் இருக்கிற நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை நாள் தேறும்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவள் மூன்று பெயர்களைச் சொல்லியாக வேண்டும். உத்திரமேரூரைச் சுற்றிப் பதினைந்து காலனிகள். அவற்றில் மூன்றுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் வைத்துத் தருவதாகச் சென்னையில் ஒரு அறக்கட்டளை சொல்லியிருந்தது. எந்த மூன்று என்பதைக் கணக்கு சொல்லும், கணக்கை ஜெனிஃபர் சொல்வாள் என்று ஏற்பாடு. புள்ளியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப் போகிறவள், சொந்த ஊரும் இங்கேதான் என்றதும் அறக்கட்டளையின் தலைவி தேவகி மேடம் பூரித்துப்போனார். “என் காலனியும் அந்தப் பதினைந்தில் ஒண்ணு மேடம்” என்று ஜெனிஃபர் முதல் நாளே சொல்லிவிட்டாள். “அதுதானே வேணும், உள்ளூர் அறிவு” என்றார் அவர். உள்ளூர் அறிவு என்னவெல்லாம் செய்யும் என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

சின்னேரிமேட்டுத் தண்ணீரைப் பற்றி உள்ளூர் அறிவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அதில் பருப்பு வேகாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்பல்லில் காபிக்கறை மாதிரி இருக்கும், அதுகள் காபியே குடித்திருக்காது. பஞ்சாயத்தில் கேட்டால் கோடைக்குப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். கோடைக்குப் பிறகு கேட்டால் மழை நிற்கட்டும் என்பார்கள். இந்த மெஷினை விட்டால் அடுத்து எவனும் வரப்போவதில்லை என்பது ஜெனிஃபருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் காலனி மக்கள் சொன்ன பதில்களை வெறுமனே கூட்டிப் போன வாரம் மேடத்துக்கு அனுப்பிய பட்டியலில் சின்னேரிமேடு பதினோராவது இடத்தில் இருந்தது.

கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் குடிநீர் எப்படி: நல்லது, சுமார், மோசம். காலனிக்கு நாலு தெரு, தெருவுக்கு நாற்பது வீடு, மொத்தம் இரண்டாயிரத்து நானூறு பதில். வெறுமனே கூட்டுவதானால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போதும். ஆனால் தெருவில் நாற்பது பேரிடம் கேட்டால் நாற்பது பதில் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் தெருவில் வாழாதவர்கள். முதல் வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டுதான் மூன்றாம் வீட்டுக்காரி வாய் திறப்பாள். பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டிய பதில்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் உண்மையில் எத்தனை பெறும் என்று பார்ப்பதுதான் ஜெனிஃபர் நாலு வருடமாகப் படிக்கிற படிப்பு. அதற்கு நாற்பது வீட்டையும் ஒன்றாகக் கட்டி, கண்ணுக்குத் தெரியாத அந்தத் தெரு மனசு இப்படி இருந்தால் என்ன, அப்படி இருந்தால் என்ன என்று லட்சக்கணக்கான தடவை போட்டுப் பார்க்க வேண்டும். “முழுசா பண்ணணும்மா, குறுக்கு வழி கூடாது” என்பார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். அவர் அறையில் ஏசி ஓடும், இன்வெர்ட்டர் உண்டு. முழுசாகப் பண்ண அவருக்கு என்ன கஷ்டம்.

அம்மா மார்த்தாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். “நாஷ்டா துன்னியா இல்லயா நீ” என்று கேட்டாள். நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

“துன்னேம்மா. நீ போ.”

“அந்தப் பொட்டி இன்னா சொல்து?”

“ஒம்போது நாளாவுமாம்.”

“நம்ம பஞ்சாயத்த விட பரவால்ல” என்று சொல்லிவிட்டு மார்த்தாள் பாண்டுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். கதவு நிலையில், கணக்கெடுக்க வந்த கார்த்திக் ஏப்ரலில் சாக்பீஸால் கிறுக்கிவிட்டுப் போன எண் இன்னும் அழியாமல் இருந்தது: 2/17. ஜெனிஃபர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. இரண்டு மிடறு குடித்துவிட்டு மூடி வைத்தாள்.

குறுக்கு வழி ஒன்று இருந்தது. பேராசிரியருக்குப் பிடிக்காத வழி என்பதே அவளுக்கு அதன் மேல் ஒரு பிரியத்தைக் கொடுத்தது. நாற்பது வீட்டையும் ஒரேயடியாகக் கட்டி அழ வேண்டாம். இரண்டு இரண்டு வீடாக எடு. ஒரு தெருவில் எழுநூற்று எண்பது ஜோடி வரும். அவ்வளவா என்று மலைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பதில் மூன்றே வகை. ஆகவே ஜோடியும் ஆறே வகைதான்: நல்லது-நல்லது, நல்லது-சுமார், நல்லது-மோசம், சுமார்-சுமார், சுமார்-மோசம், மோசம்-மோசம். ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொண்டால் எழுநூற்று எண்பது கணக்கும் ஆறு கணக்காகச் சுருங்கிவிடும். ஒரே வீடு முப்பத்தொன்பது ஜோடியில் தலையைக் காட்டும் என்பதால், கடைசியில், விடை இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்கிற நம்பிக்கை எல்லையை மட்டும் கொஞ்சம் அகட்டிச் சொல்ல வேண்டும். அகட்டினால் அகட்டிவிட்டுப் போகிறது. கொஞ்சம் பிசிறு இருந்தாலும் விடை இன்றைக்கே வரும். ஒன்பது நாள் கழித்து வரும் சுத்தமான விடையை வைத்துக்கொண்டு யாருக்கு மெஷின் வைப்பது.

பதினோரு மணிக்கு எழுதி முடித்தாள். பதினொன்று இருபதுக்கு விடை வந்தது. பதினொன்று இருபத்தைந்துக்குக் கரண்ட் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக மின்வாரியத்தை முந்திவிட்ட பெருமையில் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பேட்டரி வெளிச்சத்தில் சொந்த காலனியின் ஜோடிப் பட்டியலைத் திறந்தாள்.

முதல் தெரு: எழுநூற்று எண்பதும் நல்லது-நல்லது. ஒரு ஜோடிகூடத் தப்பவில்லை. இரண்டாம் தெரு: எழுநூற்று நாற்பத்தொன்று நல்லது-நல்லது, மீதி முப்பத்தொன்பது நல்லது-மோசம். அதாவது ஒரே ஒரு வீடு மட்டும் மோசம் என்று சொல்லியிருக்கிறது. மூன்றாம் தெருவுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். நாற்பதில் முப்பத்தாறு வீடு மோசம், நாலு சுமார். நாலாம் தெருவில் முப்பத்தேழு மோசம், இரண்டு சுமார், ஒன்றே ஒன்று நல்லது.

மொத்தத்தைக் கூட்டியபோது நல்லது சரியாகப் பாதி, எண்பது வீடு. பார்க்க எவ்வளவு நியாயமான காலனி மாதிரி இருந்தது. பாதிப் பேர் நல்லது என்கிறார்கள், மீதிப் பேர் குறை சொல்கிறார்கள், ஜனநாயகம். தேவகி மேடம் பயிற்சி நாளில் அரை மணி நேரம் பேசியதே அதைப் பற்றித்தான். உத்திரமேரூரில் யார் மைக் பிடித்தாலும் கல்வெட்டும் குடவோலையும் வராமல் கீழே வைக்க மாட்டார்கள். அந்தக் குடத்தில் சின்னேரிமேட்டு ஓலை ஒன்றாவது விழுந்ததாக யாரும் சொல்லவில்லை, ஜெனிஃபரும் கேட்கவில்லை.

ஆனால் நாலு தெருவுக்கும் தண்ணீர் ஒரே தொட்டியிலிருந்துதான் வருகிறது. ஒரே போர், ஒரே மோட்டார், ஒரே துருப்பிடித்த பைப். இரண்டாம் தெரு முனையில் சர்க்கரையாக இருப்பது, மூன்றாம் தெருவுக்குத் திரும்பியதும் உப்பாக மாறுமா? அவளுக்கு எரிச்சலாக வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு முதல் தெருவின் முதல் வீட்டுக்குப் போனாள்.

முதல் வீடு அம்முலுவுடையது. ஜெனிஃபருக்கு அத்தை முறை. எந்த வழியில் அத்தை என்று இருவருக்குமே தெரியாது. அம்முலு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்த, நம்ம தண்ணி எப்டி கீது?”

“இன்னாடி கேக்கற? நாறிக்கினு கீது. நேத்து வச்ச கொழம்பு மஞ்சத் தண்ணியாட்டம் கீது, பருப்பு தனியா முளிச்சிக்கினு கீது.”

“அப்ப கணக்கெடுக்க வந்த ஆளுகிட்ட நல்லதுன்னு இன்னாத்துக்கு சொன்ன?”

அம்முலு முறத்தைக் கீழே வைத்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற வருத்தம் அவள் முகத்தில் இருந்தது.

“அவரு தண்ணி கேட்டாருடி. நானு சொம்புல குட்தேன். வாங்கிக் குடிச்சினு கீறாரு, தொண்டைல எறங்கிக்கினு கீது. அப்ப பாத்து தண்ணி எப்டிங்கறாரு. வாய்ல வச்சிக்கினு கீறவராண்ட மோசம்னு சொல்லுவியா நீ? வெளியூரு ஆளு, பேண்ட்டு சட்ட போட்டவரு, நம்ம வூட்ல கேட்டு வாங்கிக் குடிக்கறாரு. நம்ம தண்ணிய நாமளே கொற சொல்றதா?”

“சரி, உன் வூடு ஒண்ணு. மத்த வூடு?”

“நான்தான் சொன்னேனே.”

“யாராண்ட?”

“எல்லாராண்டயும்.” அம்முலு முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். “அந்த ஆளு நம்ம வூட்ல தண்ணி குடிக்கறாரு, எல்லாரும் சொம்ப கழுவி வச்சிக்குங்கன்னு ரெண்டு தெருவுக்கும் போயி சொல்லிட்டு வந்தேன். ஆளாளுக்கு குட்தாங்க. பாவம், வேணாம்னு சொல்லாம குடிச்சாரு மனுசன்.”

ஜெனிஃபர் வெயிலில் நின்றாள். வெயிலைவிடச் சுடுகிற ஒன்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் கார்த்திக் தண்ணீரை அவராகக் கேட்கவில்லை. கணக்கெடுப்பவருக்கான விதிகள், பக்கம் இரண்டு, விதி நான்கு, தடித்த எழுத்தில்: “ஒவ்வொரு தெருவிலும் முதல் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். பிறகே கேள்வி.” அந்த விதியை எழுதியவள் ஜெனிஃபர்.

சும்மா எழுதவில்லை. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது ரேஷன் அட்டை சரிபார்க்க ஒருவர் வந்தார். நல்ல வெயில். மார்த்தாள் சொம்பை நீட்டினாள். அவர் பார்க்காதது மாதிரி பேப்பரைப் புரட்டினார். மார்த்தாளின் கை நீட்டியபடியே இருந்தது. அவர் பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அம்மாவின் கை எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்று ஜெனிஃபரால் இப்போதும் சொல்ல முடியும். தன் பெயரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தால் அதில் ஒருத்தன் சொம்பை வாங்கிக் குடிக்காமல் கேள்வி கேட்கக் கூடாது என்று அவள் அன்றைக்கே முடிவு செய்திருக்க வேண்டும். மரியாதையைக் கட்டாயமாக்கினாள். மரியாதை திரும்பி வந்து கணக்கை மொத்தமாக விழுங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து கார்த்திக்குக்கு ஃபோன் போட்டாள். கார்த்திக் காஞ்சிபுரம்காரர், முப்பத்திரண்டு வயது, முன்பு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்காத உடம்பு. எல்லா ஃபாரத்திலும் “தண்ணீர் குடித்தாரா” என்ற கட்டத்தில் ஆம் என்றே போட்டிருந்தார், இரண்டாயிரத்து நானூறிலும்.

“சின்னேரிமேட்டுலதான நீங்க ஆரம்பிச்சீங்க?”

“ஆமா மேடம், மொத நாளு.”

“நாலு தெருவுலயும் குடிச்சீங்களா?”

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. மொத ரெண்டு தெருவுல பதினோரு வூட்ல குடிச்சேன். அன்பா குடுக்கறாங்க, எப்டி வேணாங்கறது. பன்னெண்டு மணிக்கு வயிறு ஆரம்பிச்சிது. ஏரிக்கரைக்கும் பைக்குக்குமா ஓடினு இருந்தேன். அப்புறம் உத்திரமேரூர் போயி மீரான் மைதீன் பாய் மெடிக்கல்ல மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பவுடரும் வாங்கினேன். ரெண்டு பாட்டில் தண்ணி வாங்கிக்கினு மூணாவது தெருவுக்கு வந்தேன். அதுக்கப்புறம் எங்கயும் கைய நனைக்கல மேடம். பதினாலு காலனியும் பாட்டில்லதான் ஓடிச்சி.”

“அப்ப எல்லாத்துலயும் ஆம்னு இன்னாத்துக்கு போட்டீங்க?”

“ரூல்ல தடிச்ச எழுத்துல இருந்திச்சே மேடம்.”

ஜெனிஃபருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தண்ணீர் நல்லது என்று எழுபத்தொன்பது வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோதே அந்தத் தண்ணீர் மனுஷனை ஏரிக்கரைக்கு ஓட வைத்திருக்கிறது. ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வியாழக்கிழமை கரண்ட் இருந்த நேரமெல்லாம் உட்கார்ந்து திருத்தினாள். கார்த்திக் குடித்த தெரு, குடிக்காத தெரு என்று ஒரு அடையாளத்தைச் சேர்த்து ஜோடிகளை மறுபடி ஓட்டினாள். அரை மணிக்குள் விடை வந்துவிட்டது. குடித்த இரண்டு தெருக்களின் எண்பது பதிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான், அம்முலுவின் பதில். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சின்னேரிமேடு பதினோராவது இல்லை, இரண்டாவது.

அதிலும் ஒரு கண்டம் தாண்டி வந்திருந்தது. இரண்டாம் தெருவில் மோசம் என்று சொன்ன அந்த ஒற்றை வீடு இல்லாமலிருந்தால், குடித்த தெருவில் எண்பதுக்கு எண்பதும் நல்லது என்று ஆகியிருக்கும். அப்போது குடித்ததன் விளைவு எவ்வளவு என்று கேட்டால் கணக்கு இன்னும் பெரிது, இன்னும் பெரிது என்று ஓடிக்கொண்டே இருக்கும், எங்கேயும் நிற்காது. எதிர்த்துச் சொல்ல ஒருத்தராவது இருந்தால்தான் அதற்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். அம்முலு சொல்லியும் கேட்காத அந்தப் புண்ணியவதி யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். யாரென்று பார்க்க நேரமில்லை. பக்கத்தில் மார்த்தாள் வைத்த சொம்பு மூடியபடி இருந்தது. சாயங்காலம் வந்து மார்த்தாள் அதை எடுத்துக்கொண்டு போய் முருங்கைக்கு ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு லேப்டாப்பில் தேவகி மேடம் வந்தார். பக்கத்துக் கட்டங்களில் அறக்கட்டளையின் பெரியவர்கள் இருவர், கேமராவை அணைத்துவிட்டு ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள், அல்லது தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெனிஃபர் மூன்று பெயர்களையும் சொன்னாள்.

தேவகி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ஜெனிஃபர், போன வாரம் அனுப்பின பட்டியல்ல உங்க காலனி பதினொண்ணாவது. இப்ப ரெண்டாவது. நீங்க பண்ணின திருத்தம் பதினஞ்சு காலனில உங்க காலனியை மட்டும்தான் தொடுது. நான் எப்படி எடுத்துக்கறது இதை?”

நியாயமான கேள்வி. நியாயமானதாக இருந்ததால்தான் அது வலித்தது. விதி நான்கு தான் எழுதியது, தப்பு தன்னுடையது, அதனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே தன் பெயர் போட்டு அதை எழுதியிருப்பதாக ஜெனிஃபர் சொன்னாள். பிறகு கார்த்திக்கின் வயிற்றைப் பற்றிச் சொன்னாள். நாகரிகமாகச் சொல்ல முயன்றாள், முடியவில்லை.

“அதுக்கு ஆதாரம்?”

“உங்ககிட்டயே இருக்கு மேடம். கார்த்திக் மாத்திரை வாங்கின பில்லை பயணச் செலவோட சேர்த்து அனுப்பியிருக்காரு. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க.”

தேவகி மேடம் ஒரு கோப்பைத் தேடினார். புரட்டினார். முகம் மாறியது. ஏப்ரல் இரண்டு, பன்னிரண்டு ஐம்பது, வயிற்றுப்போக்கு மாத்திரை ஒரு அட்டை என்று ஒவ்வொன்றாக வாசித்தார். ஃபாரங்களில் பதிவான நேரமும் திரையில் இருந்தது: இரண்டாம் தெருவின் கடைசி வீடு பன்னிரண்டு பத்து, மூன்றாம் தெருவின் முதல் வீடு இரண்டு முப்பத்தைந்து. கேமரா அணைத்திருந்த பெரியவர்களில் ஒருவர் முதல் தடவையாக வாய் திறந்து, “அந்தத் தண்ணி குடிச்சா இப்படி ஆகும்னா வேற என்னம்மா கணக்கு வேணும்” என்றார். அவர் தூங்கவில்லை என்பது தெரிந்தது.

தேவகி மேடம் விடவில்லை. நல்ல தலைவிகள் விட மாட்டார்கள். “சரி. குடிச்ச தெருவுல ஒரே ஒரு வீடு மட்டும் மோசம்னு இருக்கே, அது கை தவறிப் பட்டதா இருக்கலாம் இல்லையா? உங்க மொத்தக் கணக்கும் அந்த ஒரு வீட்டு மேல நிக்குது.”

“பாக்கறேன் மேடம்” என்று ஜெனிஃபர் அந்த ஃபாரத்தைத் திறந்தாள். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டாயிரத்து நானூறு ஃபாரத்தில் அதை யாரும் தொட்டதில்லை என்று நினைத்திருந்தாள். இதில் கார்த்திக் ஒரு வரி எழுதியிருந்தார்.

“இவங்க பொண்ணே குடிக்கறதில்லயாம்.”

எண்ணைப் பார்த்தாள். 2/17. தலையைத் தூக்கினால் கதவு நிலையில் அதே எண் சாக்பீஸில் இருந்தது.

நாலு வருடம். ஹாஸ்டலுக்குப் போன முதல் லீவில் வயிறு சரியில்லாமல் போனதிலிருந்து பாட்டில். ஒவ்வொரு தடவையும் மார்த்தாள் சொம்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொண்டு போய் முருங்கைக்கு ஊற்றியிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து குடித்ததில் தெருவே குளிர்ந்து நல்லது நல்லது என்றபோது, இவள் மட்டும் யார் குடிக்கவில்லை என்று யோசித்திருக்கிறாள். ரேஷன் அட்டைக்காரரிடம் அவமானப்பட்டு விதி எழுதியவளுக்கு, அவர் வைத்திருந்த அதே பாட்டில்தான் தன் பையிலும் இருக்கிறது என்பது ஒரு நாளும் தோன்றவில்லை. ஜெனிஃபருக்குத் தன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

“ஜெனிஃபர்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் மேடம். கை தவறிப் படல. காரணம் எழுதியிருக்கு. சரியான பதில்தான்.”

“என்ன காரணம்?”

“அவங்க மக நாலு வருஷமா அந்தத் தண்ணியைக் குடிக்கறதில்ல.” ஜெனிஃபர் கதவு நிலையை மறுபடி பார்த்தாள். “அந்த மக நான்தான் மேடம். அதையும் அறிக்கைல எழுதிடறேன். வேணும்னா தண்ணியை லேபுக்கு அனுப்பிப் பாருங்க.”

தேவகி மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்று பெயருக்கும் ஒப்புதல் என்றார். மெஷின் இறங்குவதற்கு முன் மூன்று இடத்திலும் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம், அடுத்த கணக்கெடுப்பில் விதி நான்கை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார்.

ஐந்து மணிக்கு மார்த்தாள் வந்தாள். கை கால் கழுவிக்கொண்டு, “இன்னா ஆச்சி?” என்று கேட்டாள்.

“மெஷினு நம்ம காலனிக்கு வருதும்மா.”

“வரட்டும்” என்றாள் மார்த்தாள். பஞ்சாயத்தோடு முப்பது வருடம் பழகியவள், வந்த பிறகு சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். காலையில் வைத்த சொம்பை முருங்கைக்கு ஊற்ற எடுத்தாள்.

“ம்மா, அந்த சொம்ப குடு.”

மார்த்தாள் திரும்பிப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கொடுத்தாள்.

ஜெனிஃபர் அண்ணாந்து குடித்தாள். முதல் மிடறிலேயே நாக்கில் உப்பு ஏறியது. அதன் பின்னால் துரு வாசனை, அதன் பின்னால் பெயர் தெரியாத ஒரு கசப்பு. கார்த்திக் பதினோரு வீட்டில் இதைக் குடித்தார் என்றால் அவர் மனுஷனே இல்லை. வாயில் தண்ணீர் இருந்தது, தொண்டை வாங்க மறுத்தது. மார்த்தாள் எதிரில் நின்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்டி கீது?” என்று கேட்டாள்.

ஜெனிஃபர் விழுங்கினாள்.

“நல்லாகீதும்மா.”

மார்த்தாள் சொம்பைத் திரும்ப வாங்க கை நீட்டவில்லை. “இன்னொரு வாய் குடி” என்றாள். ஜெனிஃபர் குடித்தாள்.